ஏழாம் மாடிக்குப் போன வழிகாட்டிக் கோழிகள்

ஏப்ரல் 6, ஞாயிறு

முன்னோர் சமாதியைச் சுத்தம் செய்யும் திருநாளன்று அண்ணன் சமாதியில் புல் வெட்டி, ஊதுபத்தி ஏற்றி, "உன் மகளுக்கு அக்டோபரில் கல்யாணம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். புகை நேராக மேலே போனது. சம்மதம்தான்.

பெண்ணோடு ஒரு ஜோடி வழிகாட்டிக் கோழி அனுப்ப வேண்டும். கூவப் போகிற சேவல், முட்டையிடப் போகிற பெட்டை. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வர அவளுக்கு அவைதான் வழி காட்டும். கடையில் வாங்கிய கோழிக்கு எங்கள் மலை எப்படித் தெரியும்? இந்த முற்றத்தில் பொரிந்ததாக இருக்க வேண்டும்.

தீவனக் கடை ஆ-தியெனிடம் யோசனை கேட்டேன். "வெள்ளைக் கலப்புக் குஞ்சு வாங்கிக்கங்க அக்கா. நித்தம் ஒரு முட்டை."

"அடை உட்காருமா?"

"அது எங்க உட்காரும்? முட்டையப் போட்டுட்டு வேலைக்குப் போற பொண்ணு மாதிரி போயிரும்."

"அப்போ வேண்டாம். வெள்ளையும் வேண்டாம், கல்யாணத்துக்கு யாராவது வெள்ளை அனுப்புவாங்களா?"

எங்கள் ஊர்ச் செந்நாட்டுக் கோழிதான் என்று முடிவு செய்தேன். அதன் முட்டை பதினொன்றைப் பஞ்சுக்கு அடியில் வைத்தேன். பஞ்சு என் பட்டுக்கோழி. இறகெல்லாம் வெள்ளைப் பஞ்சு, எலும்பெல்லாம் கறுப்பு, காலுக்கு நான்குக்குப் பதில் ஐந்து விரல். கல்யாணத்துக்கு ஆகாதவள், ஆனால் இந்தப் பள்ளத்தாக்கிலேயே அவளைப்போல அடைகாக்க ஆளில்லை.

ஏப்ரல் 13

முட்டைகளை விளக்கில் காட்டிப் பார்த்தேன். மூன்று கூமுட்டை. மற்றதில் எல்லாம் சிவப்பு நரம்பு, சிலந்திபோல. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன அந்தி.

ஒரு முட்டை மட்டும் கொஞ்சம் சிறிசாக, பாலேடு நிறத்தில் இருந்தது. அப்போது கவனிக்கவில்லையே?

ஏப்ரல் 27

துங் மரம் பூவை உதிர்க்கிறது. முற்றம் முழுக்க வெள்ளை. அடைப்பெட்டியில் காதை வைத்தால் ஓட்டுக்குள்ளிருந்தே பேசுகின்றன, பஞ்சு தொண்டைக்குள் பதில் சொல்கிறாள். எவ்வளவு நேரம் அப்படியே குந்தியிருந்தேன் என்று தெரியவில்லை. எழுந்தபோது என் தலையிலும் பூ.

ஒன்பதும் பொரிந்தன. அந்தச் சின்ன முட்டைக் குஞ்சுக்கு ஐந்து விரல். அடி பஞ்சு! உன் முட்டையையும் நடுவில் சொருகிவிட்டாயா?

ஜூன் 14

ஐந்து சேவல், நான்கு பெட்டை. இரண்டு பெட்டைகளை மரநாய் தூக்கிப் போய்விட்டது. என் தப்புத்தான், கூட்டுக்கு அடியில் கம்பிவலை போட்டிருக்க வேண்டும். இன்று மூங்கில் கால் வைத்துக் கூட்டை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிட்டேன். தங்குகம்புகளை எல்லாம் ஒரே மட்டத்தில் கட்டினேன், யார் மேலே என்ற சண்டை வேண்டாம் என்று.

மீதி இருக்கும் பெட்டை இரண்டு. ஒருத்தி பொன்னி, மஞ்சள் கால், பளபளவென்று செந்தூவல். இன்னொருத்தி அந்த ஐந்துவிரல்காரி. தூவல் சிவப்புத்தான், ஆனால் தலையில் ஒரு கொத்து முடி, தூங்கி எழுந்தவள்போல.

பொன்னிதான் போவாள்.

ஆகஸ்ட் 3

பெய்யிங் போன் செய்தாள். எட்டு வயதிலிருந்து நான் வளர்த்தவள், ஒரு மூச்சை வைத்தே தெரிந்துவிடும், ஏதோ சொல்ல வருகிறாள் என்று.

"அத்தே, கோபப்படாதீங்க. அவரோட அம்மா பிளாஸ்டிக் கோழி ஜோடி வாங்கிட்டாங்க. பேட்டரி போட்டா கூவுது. கவ்ஸியோங்ல அவங்க வீடு ஏழாவது மாடி அத்தே, நிஜக் கோழிய எங்க வைக்கிறது?"

"பேட்டரி தீர்ந்துட்டா எப்படிடீ வழி காட்டும்?"

"நான் என்ன வழி தெரியாதவளா? ரயில் இருக்கு, போன்ல வரைபடம் இருக்கு!"

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. "உங்கம்மாவுக்கும் வழி தெரியும்டீ, திரும்பி வந்தாளா?" என்று கேட்டுவிட்டேன்.

வைத்துவிட்டாள்.

என் நாக்கை என்ன செய்ய? குவான்யின் தாய் முன்னால் நெடுநேரம் மண்டியிட்டேன். அம்மா, நான் பயத்தில் பேசினேன், உனக்குத் தெரியாதா.

ஆகஸ்ட் 4

அவள் எடுக்கவில்லை.

செப்டம்பர் 10

இதை எழுதவே கை வரவில்லை. பொன்னிதான் மணக்கோழி என்று அடையாளம் இருக்கட்டுமே, மங்கலமாகவும் இருக்கட்டுமே என்று நேற்று அவள் காலில் சிவப்புக் கயிறு கட்டினேன். கோயிலில் வாங்கி, ஊதுபத்திப் புகை காட்டிய கயிறு. கோழிக்குச் சிவப்பு என்றால் ரத்தம் — நாற்பது வருஷமாகக் கோழி வளர்க்கிறேன், எனக்குத் தெரியாதா? காலையில் போய்ப் பார்த்தால் எல்லாமாகச் சேர்ந்து அந்தக் காலைக் கொத்திக் கொத்தி — ஐயோ, மண்தாத்தா சாமி, நான் என்ன பண்ணிட்டேன்!

ஊதா மருந்து போட்டுத் தனிக்கூட்டில் வைத்திருக்கிறேன். பிழைப்பாள். ஆனால் நொண்டுவாள். நொண்டிக் கோழியைச் சீரில் அனுப்ப முடியாது.

பொரித்த பெட்டைகளில் மீதி ஐந்துவிரல்காரி ஒருத்திதான்.

வயல்வரப்பில் இருக்கிற மண்தாத்தா கோயிலுக்குப் போய்ப் பிறைக்கட்டை இரண்டையும் போட்டுக் குறி கேட்டேன், இவளை அனுப்பலாமா என்று. மூன்று தடவையும் இரண்டு கட்டையும் மல்லாந்தே விழுந்தன. ஆமாம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம். அவருக்கென்ன.

அக்டோபர் 5, ஞாயிறு

கல்யாணம்.

பெய்யிங் சிவப்புடுத்தி வந்து என் முன்னால் மண்டியிட்டாள். என் முகத்தைப் பார்க்காமலே எழுந்துகொண்டாள். மாப்பிள்ளைதான் கோழிக்கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இது கொத்துமா அத்தே?" என்று கேட்டார். தன் அம்மாவிடம் கேட்டாரா, கேட்காமலே எடுத்தாரா தெரியவில்லை. நல்ல பையன்.

காருக்குப் பின்னால் நான்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெண் திரும்பாமல் புகுந்த வீட்டிலேயே நிலைக்கட்டும் என்பதற்கு. திரும்பி வரக் கோழியைக் கொடுத்துவிட்டு, திரும்பாமல் இருக்கத் தண்ணீரும் ஊற்றச் சொல்கிறார்கள், பெரியவர்கள் எதை நினைத்து வைத்தார்களோ. பாதித் தண்ணீர்தான் ஊற்றினேன். மீதியைக் கோழிகளுக்கு வைத்தேன்.

அக்டோபர் 7

மூன்றாம் நாள். மறுவீட்டுக்கு வரவில்லை, தேனிலவுக்கு வெளிநாடு கிளம்பிவிட்டார்களாம். சமைத்து வைத்ததை ஆ-தியென் வந்து தின்றுவிட்டுப் போனான்.

அக்டோபர் 23

மதியத் தூக்கத்தில் ஒரு கனவு. மூடுபனி. பாதை முழுக்க ஐந்துவிரல் தடம். பின்னாலேயே போகிறேன். மலை முடிந்து, வயல் முடிந்து, தடம் ஒரு மாடிப்படியில் ஏறுகிறது. விழித்தபோது பொன்னி நொண்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

நவம்பர் 2

போன்! பெய்யிங் என்று ஓடி எடுத்தால் சம்பந்தியம்மா.

"சம்பந்தி, உங்க சேவல் விடியறதுக்குள்ள கூவுது. கீழ் வீட்டுக்காரர் ரெண்டு தடவ வந்துட்டார். என்ன பண்றது?"

"சாயங்காலமே தாழ்வான பெட்டியில போட்டு மூடுங்க. கழுத்த நீட்ட முடியலன்னா கூவாது. விடிஞ்சப்புறம் திறந்து விடுங்க."

"இன்னொண்ணு. பெட்டைக்கு ஒரு விரல் கூடுதலா இருக்கே, தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

"அதுவும் சீர்ல சேர்த்தி சம்பந்தி" என்றேன்.

பிறகு அந்தம்மா சிரித்த சிரிப்பு! பிறைக்கட்டை ஞாபகம் வந்தது.

பெய்யிங் பக்கத்தில் இருக்கிறாளா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

நவம்பர் 30

சம்பந்தியம்மா மறுபடி. "உங்க கோழி செருப்பு அலமாரியில ஏறி உட்கார்ந்துட்டு எழுந்திரிக்க மாட்டேங்குது. கிட்டப் போனா உப்பிக்கிட்டு உறுமுது. உடம்பு சரியில்லையா?"

பஞ்சுவின் ரத்தம்! பொன்னியாக இருந்தால் முதல் வருஷத்திலேயே உட்கார்ந்திருப்பாளா? சந்தேகம்தான்.

"அடைப்படுத்திருக்கா சம்பந்தி. அவ போட்டதுல ஏழு முட்டை வச்சிருங்க. ஒற்றைப்படைதான்."

டிசம்பர் 9

தினமும் இரண்டு தடவை பேசுகிறோம். தண்ணீர் எவ்வளவு, தவிடு எவ்வளவு, காற்றடிக்கிற பக்கம் எப்படி மறைப்பது. செருப்பெல்லாம் இப்போது குளியலறையில் இருக்கிறதாம். பிளாஸ்டிக் கோழியின் பேட்டரியை எடுத்து, முட்டைக்கு வெளிச்சம் காட்டும் விளக்கில் போட்டாராம்.

டிசம்பர் 15

இன்று போனில் பெய்யிங். மூச்சை வைத்தே தெரிந்தது.

"அத்தே… அது ராத்திரிபகலா அசையாம உட்கார்ந்திருக்கு. தின்ன எழுந்தாலும் உடனே ஓடி வந்துடுது. எனக்கு அதப் பார்த்தா அழுகையா வருது, ஏன்னே தெரியல."

"நான் அன்னைக்குச் சொன்னது தப்புடீ."

"தெரியும்." பிறகு, "பொரிக்கிற அன்னைக்கு நீங்க இருக்கணும். அத்தையும் அதான் சொல்றாங்க. இப்ப ரெண்டு அத்தை, யாரக் கூப்பிட்டாலும் குழப்பம். வாங்களேன்."

நான் எங்கள் மியாவோலி மாவட்டத்தைத் தாண்டித் தெற்கே போனதே இல்லை. கோழிகளை யார் பார்ப்பார்கள்?

ஆ-தியென் பார்ப்பானாம். "போங்க அக்கா, உங்க பேச்சக் கேட்காம கோழிங்களும் கொஞ்சம் தூங்கட்டும்."

டிசம்பர் 21, குளிர்காலச் சங்கிராந்தி

கவ்ஸியோங், ஏழாம் மாடி. சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே ஊர் முழுக்கப் பனியில் மிதக்கிறது, எங்கள் பள்ளத்தாக்குபோலவே.

ஏழில் ஐந்து பொரிந்துவிட்டன. இரண்டுக்கு ஐந்து விரல். சம்பந்தியம்மா அடைப்பெட்டியில் காதை வைத்துக் குப்புறப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார், "பேசுது சம்பந்தி, ஓட்டுக்குள்ளேருந்தே பேசுது!" என்று. பெய்யிங் இனிப்பு மாவுருண்டை வேக வைத்தாள், நான் சொல்லிக் கொடுத்தபடி இஞ்சியைத் தட்டிப் போட்டு.

நாளைக்குத் திரும்ப டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். சாயங்காலமாகத் தேடினால் பையில் இல்லை. பெய்யிங்கைக் கேட்டேன். பாத்திரம் கழுவுகிறாளாம், காது கேட்கவில்லையாம்.

பிறகு பார்த்தேன். அடைப்பெட்டியில், ஐந்துவிரல்காரிக்கு அடியில், குஞ்சுகளுக்கு நடுவே, ஒரு முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எடுக்கக் கையை நீட்டினேன்.

கொத்திவிட்டாள்.