"வெச்சிடறேன்" வருவதற்குள்

திருப்பதி,
ஞாயிறு.

அன்புள்ள நைனாவுக்கு பிரித்திகா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். முட்டிவலி குறைந்ததா? போனில் சொன்னால் பயந்துவிடுவீர்கள் என்றுதான் இந்தக் கடிதம்.

காணிப்பாக்கத்து லாட்ஜ் ஒன்றுக்கு வெப்சைட் செய்தோம். பக்கத்தைத் திறந்ததும் லாட்ஜின் வீடியோ ஓட வேண்டும், முடிந்ததும் மறுபடி தொடங்க வேண்டும். வீடியோவை ஓட்டவும் நிறுத்தவும் ரெடிமேடாக ஒரு ஸ்கிரிப்ட் லைப்ரரி இருக்கிறது. அதை வைத்து வரி வரியாகப் புரோகிராம் எழுதுவது என் வேலை. சோதித்துப் பார்க்க நீங்கள் அனுப்பிய வீடியோவைப் போட்டேன். "துன்னியா கண்ணு? நேரத்துக்குத் துன்னு" என்கிறீர்களே, அதுதான். கடைசியில் போன் பேசுவதுபோலவே, "செரி, வெச்சிடறேன்" என்கிறீர்கள். அது வருவதற்குள், கடைசிச் சில நொடிகளை விட்டுவிட்டு முதலுக்கே திரும்பும்படி ஒரு வரி சேர்த்திருந்தேன். லாட்ஜ் வீடியோவை மாற்றிப் போட்டபோது அதை எடுக்க மறந்துவிட்டேன்.

அவர்கள் வீடியோவில் போன் நம்பர் கடைசியில்தான் வருகிறதாம்! ஓனர் ஆபீஸுக்கே வந்து, "நம்பர் எங்கம்மா? ஒருத்தரும் கூப்பிடலியே!" என்று சத்தம் போட்டார். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த லைன் எதுக்கு?" என்றார். சொன்னேன். "செரிம்மா, எடுத்துடு" என்றார். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள்.

பச்சையம்மாள் அத்தை திருமலைக்கு வரும்போது பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள். இங்கே வாங்கினால் காரம் தாங்கவில்லை. உங்கள் பழைய போர்வையும் வேண்டும், துவைக்க வேண்டாம்.

ஹாஸ்டலில் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். லாட்ஜ் பக்கத்தில் அந்த வரியை எடுத்துவிட்டேன். என் லேப்டாப்பில் எடுக்கவில்லை.

உங்கள்
பிரித்திகா