சிவப்பு நட்சத்திரத்தின் பின்பக்க எண்

முடிச்சூர்
ஞாயிறு, மதியம் மூன்று மணி

அன்புள்ள ஸஹானாவுக்கு,

உன்னைப் பற்றி அந்த ஒரு வரியை நான் ஏன் எழுதினேன் என்று நான்கு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எந்த வரி என்று சொல்வதற்கு முன் முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுதக் கை போகிறது, ஆனால் புதன்கிழமை மாலையிலிருந்து உன் குரலைக் கேட்காமல் அதை எழுத மனம் வரவில்லை. உங்கள் ஊரில் நெட் இல்லை, சாதாரணமாகக் கூப்பிட்டாலும் மணி அடிப்பதற்குள் அறுந்துபோகிறது. உங்களையெல்லாம் அந்த ரஷ்யக் கல்லூரியில் சேர்த்துவிட்ட ஏஜென்ட் சம்பந்தத்திடம் கேட்டேன். "அங்க நெட் கட்டாவறது டெய்லி நடக்கிறதுதான் மேடம், காலையிலேர்ந்து எல்லா பேரன்ட்ஸும் என்னத்தான் பேஜார் பண்றாங்க, பொண்ணு பத்திரமாதான் இருக்கும்" என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன், இன்னொரு கால் வருகிறது என்று வைத்துவிட்டார். தன் அக்காவின் கல்யாணத்துக்காகப் பெருங்களத்தூர் வந்திருக்கும் உன் வகுப்பு ஆஸ்டின் நாளை இரவு விமானம் ஏறுகிறான். இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நடந்ததை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன மாதம் அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அப்பாவுக்காக நீ வாங்கினாயே, அந்தச் சிவப்பு நட்சத்திர விருதைப் பற்றித்தான். அவருடைய பைத்தியம் உனக்குத் தெரியும். வெள்ளத்தில் அலமாரியோடு மூழ்கிய சோவியத் பேட்ஜ்களை ஒவ்வொன்றாகப் பல் பிரஷ்ஷால் சேறு போகத் தேய்த்தவர், ஈரமான மெத்தையை என்ன செய்வது என்று என்னிடம் கேட்கக்கூட இல்லை. அவர் வாங்குவார், நான் படித்துச் சொல்வேன், இதுதான் இந்த வீட்டு ஏற்பாடு. எம்.ஏ. படிக்கும்போது மாலை வகுப்பில் கற்ற ரஷ்ய மொழி வேறு எதற்கும் எனக்குப் பயன்படவில்லை. அவர் ஆசையாக வாங்கி வந்ததில் ஒன்பதைப் போலி என்று ஆதாரத்தோடு சொல்லியிருக்கிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சாதாரண பேட்ஜ் ஆலையில் ஆயிரக்கணக்கில் அடித்தது, அதற்கு ஊர் பேர் கிடையாது. ஆனால் போர்க்கால விருதுகளின் பின்பக்கத்தில் எண் வெட்டியிருக்கும், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் அது யார் சட்டையில் இருந்தது என்று தெரிந்துவிடும். நீ அனுப்பிய படத்தில் எண் தெளிவாக இருந்தது. சேகரிப்பாளர்கள் கூடும் ரஷ்ய இணையதளம் ஒன்றில் அதைப் போட்டு, இது யாருடையது என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் மகள் உங்கள் ஊரில்தான் மருத்துவம் படிக்கிறாள், ஆறாம் ஆண்டு, இதை வாங்கியது அவள்தான் என்று கல்லூரிப் பெயரோடு எழுதினேன். யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் ஞானாம்பாள் அத்தை உன் படிப்பைப் பற்றிச் சொல்வதைக் கேட்டு முகம் சுளித்தவள் நான். அத்தை சொன்னதெல்லாம் தாம்பரம் தாண்டினால் மறந்துபோகும். நான் எழுதியது அங்கேயே நின்றது.

பதினொரு நாள் கழித்து அந்தோன் லாப்தேவ் என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார். இது என் தாத்தா பியோத்தர் லாப்தேவுடையது, இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில் பெட்டியோடு திருடு போனது, நான் வேறு ஊரில் இருக்கிறேன், வண்டியில் நான்கு மணி நேரம், உங்கள் மகளை விடுதியில் வந்து பார்க்கிறேன், எந்தக் கட்டடம் என்று சொல்லுங்கள் என்றார். மரியாதையான கடிதம்தான். மரியாதையாக எழுதுகிறவர்களிடம்தான் எனக்குச் சந்தேகம் அதிகம், இது உனக்கும் தெரியும். ரஷ்யர்கள் தங்கள் பழைய ராணுவக் காகிதங்களையெல்லாம் ஒரு இணையதளத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். தேடினேன். எண் சரி, பெயர் சரி. அதே பியோத்தர் லாப்தேவ் 1945 ஜனவரியில் போரில் இறந்தார் என்று பட்டியலில் இருக்கிறது. வயது பத்தொன்பது, மணமாகாதவர், தகவல் அனுப்பப்பட்டது தாய்க்கு. பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆகாமல் செத்தவனுக்குப் பேரன் எங்கிருந்து வந்தான்? அப்பாவிடம் காட்டினேன். "நான் அப்பவே சொன்னேன் இல்ல சந்திரா, ஃப்ராடு பய" என்று குதித்தார், அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. புதன்கிழமை காலை அந்த ஆளுக்குப் பதில் எழுதினேன். அகராதியை இரண்டு முறை பார்த்து, ஒரு பிழை இல்லாத ரஷ்ய மொழியில் எழுதினேன். உங்கள் தாத்தா என்று சொல்பவர் பிள்ளை பெறாமல் இறந்தவர், இறந்தவர்களின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்களை எனக்குத் தெரியும், என் மகள் இருக்கும் இடத்தில் கால் வைத்தால் காவல்துறைக்குப் போவேன் என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. அன்று மாலையிலிருந்து நீயும் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அரை மணிக்கொரு தரம் உன்னைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகுதான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன், உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். இந்த விருதுகளை விற்பது மட்டும் குற்றம் என்று இருந்தேன். வாங்குவதும் குற்றமாம், நாட்டை விட்டு எடுத்துப் போவதும் கூடாதாம். அப்பாவுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. "எல்லாரும்தான் வாங்கறாங்க, யார் கேக்கறா?" என்கிறார். இருபதாம் தேதி நீ வரும்போது மிளகாய்ப்பொடி டப்பாவுக்குள் புதைத்து எடுத்து வரச் சொன்னாராமே, நேற்றுத்தான் வாயைத் திறந்தார். ஸஹானா, அதை மட்டும் செய்யாதே. ஆறு வருடப் படிப்பு ஒரு டப்பாவுக்குள் போய்விடும்.

நீ செய்ய வேண்டியது இது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் உனக்கு உதவிய அந்த அம்மாளிடம் போய் நடந்ததைச் சொல், தெரியாமல் வாங்கிவிட்டேன், திருப்பிக் கொடுக்க விரும்புகிறேன் என்று சொல். அவரையும் கூட்டிக்கொண்டு ஊர் அருங்காட்சியகத்தில் அதை ஒப்படை, கையெழுத்துப் போட்ட காகிதம் வாங்கிக்கொள். அந்த லாப்தேவ் வந்தால் தனியாகக் கீழே இறங்காதே. எவ்வளவு அழுதாலும் அவர் கையில் கொடுக்காதே, கொடுத்தால் நீ விற்றாய் என்று அவரே சொல்லலாம்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. தெருக்கோடியில் நேற்று கணுக்கால் வரை தண்ணீர், அப்பா பெட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டார். கால்வாய் அடைப்பைப் பற்றிப் பேச இந்த மனைகளுக்கெல்லாம் முன்பு சொந்தக்காரரான ஏகநாதன் வந்தார். பரணில் ஏற்றாமல் மேஜையில் கிடந்த வேறொரு பழைய பதக்கத்தைத் தூக்கிப் பார்த்து, "இன்னா சார் இது, சாமிக்குப் போடுற நகையா?" என்றார். போரில் கொடுத்தது என்று அப்பா பெருமையாக விளக்கினார். "அப்ப குடுத்தவனும் செத்துட்டான், வாங்கனவனும் செத்துட்டான். அதப் போயி வூட்டாண்ட வெச்சிக்கினு கீற? தண்ணி வந்தா மொதல்ல இத்த தூக்கிப் போடு சார்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போனார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, அவர் மகள் ப்ரியாவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, நீ இருக்கும் தேதியாகப் பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. ஆஸ்டினிடம் பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் கொடுத்தனுப்புகிறேன்.

நான் அதிகம் வேண்டிக்கொள்கிறவள் இல்லை, இந்த வாரம் வேண்டிக்கொண்டேன். நீ நல்லபடியாகப் படிப்பை முடித்து முழுசாக வீடு வந்து சேர வேண்டும், வேறொன்றும் எனக்கு வேண்டாம். மறக்காதே: காகிதம் இல்லாமல் அதைக் கையை விட்டு விடாதே.

உன் அம்மா,
சந்திரிகா

திங்கள், மாலை ஐந்தரை

உறையை ஒட்டவில்லை. ஆஸ்டின் ஏழு மணிக்கு வருகிறான். இன்று நடந்ததில் பாதி உனக்கே தெரியும், ஆனாலும் இங்கே நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

காலை பத்து மணிக்கு லாப்தேவிடமிருந்து பதில் வந்தது. இரண்டு படங்கள். ஒன்றில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், கோட்டின் வலது பக்கம் அந்த நட்சத்திரம், மடியில் ஒரு குழந்தை. இன்னொன்று விருதோடு சேர்த்துக் கொடுக்கும் சிறு புத்தகத்தின் பக்கம், அதே எண். கீழே எழுதியிருந்ததை மொழிபெயர்க்கிறேன். "என் தாத்தா இறந்துவிட்டதாகச் சொல்லும் அந்தக் காகிதம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது, அம்மையாரே. அதை வைத்துக்கொண்டு அவருடைய தாய் ஒன்றரை வருடம் அழுதாள். பிறகு அவர் போர்க்கைதி முகாமிலிருந்து வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். உங்கள் மகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்றிருந்தேன். உங்கள் கடிதத்துக்குப் பிறகு அப்படிச் செய்ய முடியவில்லை. வியாழக்கிழமை காவல்துறையில் எழுதிக் கொடுத்துவிட்டேன்."

1985-இல் உயிரோடிருந்த போர்வீரர்களுக்கெல்லாம் அங்கே ஒரு விருது கொடுத்தார்கள், அந்தப் பட்டியலும் நான் முதலில் தேடிய அதே ராணுவக் காகித இணையதளத்தில்தான் இருக்கிறது. பதில் வந்த பிறகு தேடினேன். நான்கு நிமிடத்தில் அவர் பெயர் கிடைத்தது. இறந்தார் என்ற வரியைப் பார்த்ததும் போதும் என்று நான் நிறுத்தியிருக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன். பரணுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

இரண்டு இருபதுக்கு நீ காவல் நிலையத்துத் தொலைபேசியிலிருந்து பேசினாய். கேட்டதும் விருதை எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்றாய். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்திருக்கிறார்கள், விசாரணை முடியும்வரை ஊரை விட்டுப் போகக்கூடாது, இருபதாம் தேதி டிக்கெட்டை ரத்து செய்யுங்கள் என்றாய். அந்த மனிதர் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார், என்மேல் கோபமாகத் தெரியவில்லை என்றாய். நீ சொல்வதையெல்லாம் விதிப்படி வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதிகாரிக்கு மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் புதன்கிழமை எழுதிய கடிதத்தை லாப்தேவ் அச்சிட்டுக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாராம். அதை மட்டும் அதிகாரி யார் உதவியும் இல்லாமல் தானே சத்தமாக, முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார் என்றாய்.