அம்மாவுக்குப் போட வேண்டிய ஊசி

அண்ணனுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். கொரோனாக் காய்ச்சல் இறங்கிவிட்டது, உடம்புதான் அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது. இங்கே மண்டி மொஹல்லாவில் என் வாடகை அறையில் தனியாகக் கிடக்கிறேன்.

"ரெண்டு ஊசி போட்டும் படுத்துட்டியேடா, விஞ்ஞானி. அப்பறம் அம்மாளுக்கு மட்டும் எதுக்கு?" என்று கேட்டாய். கௌதள்ளியில் நம் வீட்டுக்கே ஊசி போட வந்த நர்ஸை அம்மாவும் அதையே சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாளாம். "லேப்ல வேல செய்யற எம்பையனுக்கே வந்துருச்சு, நீ போம்மா."

புதிதாகப் பரவும் ஒமிக்ரான் தொற்றுவதை இந்த ஊசி முன்போலத் தடுப்பதில்லை. அதில் நீ சொன்னது சரி. ஆனால் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு முற்றுவதை இன்னும் பெருமளவு தடுக்கிறது. நான் லேசாகத் தப்பியதை அதற்குச் சாட்சியாகக் காட்ட மாட்டேன். ஒருத்தனை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. நீயும் என்னை வைத்து முடிவு கட்டாதே.

ஊசி கிடைப்பதற்குள் அப்பாவுக்கு என்ன ஆனது என்பதை எழுதப் போவதில்லை. ஆக்ஸிஜன் படுக்கை தேடி நாம் இருவரும்தானே அலைந்தோம்.

விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. வாதத்தில் நீயே ஜெயித்ததாக இருக்கட்டும். அம்மா கேட்பது உன் பேச்சைத்தான். "அவங்கெடக்கறான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நாஞ்சொல்றேன், போட்டுக்கம்மா" என்று சொல்லி, கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் போட்டுவிடு.

உன் தம்பி