ஐந்து கண்ணாடியில் கல்லாங்குத்து

கல்லாங்குத்து, ஒலக்கூர் அருகில்
9-1-1938

விழுப்புரம் போட்டோக் கடை சவுரிராயன் அவர்களுக்கு இருதயமேரி எழுதுவது. இங்கே சுகம். அங்கும் குறையில்லாமல் இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

நாலு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இன்று எழுதுவது மனைவி என்ற உரிமையில் அல்ல. தரிசாகக் கிடந்த கல்லாங்குத்தை வயலாகத் திருத்திய பன்னிரண்டு குடும்பங்களில் ஒருத்தியாக எழுதுகிறேன். விழுப்புரத்துக்கு வரமாட்டேன் என்றதற்கு, "இந்தக் கல்லையே கட்டிக்கினு அழு" என்று சொல்லி ரயிலேறினீர்கள். அந்தக் கல்லில் இப்போது கேப்பை இடுப்புயரம் நிற்கிறது.

பட்டா கேட்டு மனுப் போட்டோம். ஊர் முன்சீப், "வெறும் முள்ளுக்காடு, பயிரே இல்லை" என்று எழுதி அனுப்பிவிட்டார். பிப்ரவரி ஏழாம் தேதி திண்டிவனத்தில் தாசில்தார் விசாரணை. அதுவரை கதிர் தாங்காது, அறுத்தாக வேண்டும். அறுத்த பிறகு எதைக் காட்டுவது? நீங்கள் வந்து படம் பிடிக்க வேண்டும். முழு நிலமும் தெரிய வேண்டும்.

இருதயமேரி

விழுப்புரம்
12-1-1938

அன்புள்ள மேரிக்கு,

கடிதம் கண்டேன். வருகிறேன்.

அவ்வளவு நிலமும் கேமராவுக்குள் போடுகிற ஒரே கண்ணாடித் தகட்டில் அடங்காது. கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, சாயாமல் இருக்க ரசமட்டம் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஐந்து கண்ணாடியில் எடுப்பேன். ஒன்றின் ஓரம் அடுத்ததிலும் விழும். பிறகு அச்சுப் போட்டு ஒட்டினால் ஒரே நீளப் படம். கலியாணக் கூட்டத்தை இப்படி எடுத்திருக்கிறேன், வயலை எடுத்ததில்லை. ஆனாலும் முடியும், பயப்படாதே.

செவ்வாய்க்கிழமை வரை யாரும் அரிவாள் வைக்க வேண்டாம். அன்று காலை நான் வந்து பனி விலகியதும் அவரவர் வரப்பில் நிற்கட்டும். ஐந்தும் முடியும்வரை அசையக் கூடாது. முதலாளி அக்பர் அலி பாயிடம் கேமரா கேட்டேன். "எடுத்துக்கினு போ. ஒடைச்சுக்கினு வந்தா மட்டும் என் மூஞ்சில முழிக்காத" என்றார்.

சவுரிராயன்

விழுப்புரம்
27-1-1938

அன்புள்ள மேரிக்கு,

படம் இத்துடன் வருகிறது. இரண்டரை முழ நீளம். மடிக்காமல் சுருட்டி வை. மேற்கே கிணற்றிலிருந்து கிழக்கே ஏரிக்கரை வரை ஒரு வரப்பும் விடுபடவில்லை.

ஒரு பிசகு. வரப்பில் நிறுத்திய சின்னக்கண்ணு இரண்டாம் கண்ணாடியிலும் இருக்கிறான், நாலாவதிலும் இருக்கிறான். நான் கேமராவைத் திருப்புவதற்குள் மாட்டை விரட்ட ஓடியிருக்கிறான். ஒரு உருவைச் சுரண்டி எடுத்துவிடலாம். எடுக்கவில்லை. ஓரிடத்தில் சுரண்டினால் முழுப்படமும் பொய் என்பார்கள்.

படம் பிடித்த அன்று சாப்பிடக் கூப்பிட்டாய். ரயிலுக்கு நேரமாச்சு என்றேன். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. உன் முகத்தைப் பார்த்து உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. நீ ஒருநாள் வந்துவிடுவாய் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். படத்தில் உன் வரப்பில் நீ நிற்பதைப் பார்த்தேன். நீ வரமாட்டாய். நான் வரலாமா?

சவுரிராயன்

கல்லாங்குத்து
24-2-1938

என் பிரியமான உங்களுக்கு,

நல்ல சேதி. முழுதும் கேளுங்கள்.

விசாரணையில் படத்தை மேசைமேல் விரித்தோம். முன்சீப்பின் கண் நேரே சின்னக்கண்ணுமேல் போனது. "ஒரே ஆளு ரெண்டு எடத்துல நிக்கிறான், தொரே! ஜோடிச்ச படம்!" என்று கத்தினார். தாசில்தார் எங்களைப் பார்த்தார். நான் முன்னே போனேன். "அஞ்சு வாட்டி புடிச்சி ஒட்டனதுங்க, தொரே. ஆளு மாட்ட வெரட்டிக்கினு ஓடிட்டான். கேப்பை ஓடுமாங்க?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "நானே வந்து பார்க்கிறேன்" என்றார்.

போன வாரம் வந்தார். படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தார். அறுத்த கேப்பைத் தாளைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். முன்சீப் பின்னாலேயே வந்தார். நேற்று பன்னிரண்டு பேருக்கும் உத்தரவாகிவிட்டது.

அப்பா போய்விட்டதால் அவர் பங்கு என் பெயருக்கு. எழுதும்போது குமாஸ்தா, "அப்பன் பேரு போடவா, புருஷன் பேரு போடவா?" என்றார். போன மாதம் கேட்டிருந்தால் அப்பா பெயர்தான் சொல்லியிருப்பேன். உங்கள் பெயரைச் சொன்னேன்.

நீங்கள் சொன்னது சரி, நான் விழுப்புரம் வரமாட்டேன். கடையை விட்டுவிட்டு வாருங்கள் என்றும் சொல்லமாட்டேன். அந்த வேலை உங்கள் கையில் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டேன். சனிக்கிழமை சாயந்திர ரயிலுக்கு ஒலக்கூர் ஸ்டேஷனில் நிற்பேன். திங்கட்கிழமை காலையில் நீங்கள் உங்கள் வேலைக்குப் போங்கள். நான் மல்லாட்டைச் செடிக்குக் களை வெட்டப் போகிறேன்.

உங்கள்
இருதயமேரி