காய்ந்த துண்டும் கேளம்பாக்கம் சிங்கமும்

மச்சான்,

குளித்துவிட்டுக் கொடியில் கையை நீட்டினேன். துண்டு காய்ந்து மொடமொடவென்றிருந்தது. டெங்கு உன்னை நாலே நாளில் கொண்டுபோனதிலிருந்து, நாலு மாதமாக என் துண்டை யாரும் ஈரமாக்குவதில்லை. நம் கூடுவாஞ்சேரி வீட்டில் மூன்று வருடம் இதற்காகத்தான் உன்னைத் திட்டியிருக்கிறேன். இப்போது காய்ந்த துண்டைப் பார்த்தால்தான் எரிச்சலாக வருகிறது.

வீட்டிலிருந்தே வேலை என்றானதும் நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஆன்லைன் குரூப்பில் விழுந்த கதையை உனக்கே சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். முந்நூறு ஆண் சிங்கங்கள், ஒருவனுக்கும் பேச ஆளில்லை. பெண்கள் எல்லாரும் நம்மை மட்டம் தட்டவே பிறந்தவர்கள் என்று நாள் முழுக்கப் பாடம். சிரிக்கக் கூடாது. தாடை உறுதிக்குக் கெட்டியான சூயிங்கம் மெல்ல வேண்டும். பெண் அழைத்தால் மூன்றாவது தடவைதான் போனை எடுக்க வேண்டும். என்னை அழைத்த ஒரே பெண் அம்மாதான். விதி விதிதான் என்று அம்மாவையும் காக்கவைத்தேன்.

அங்கேதான் 'கேளம்பாக்கம் சிங்கம்' அறிமுகமானான். நான் என்ன கொதித்து எழுதினாலும் வாதாட மாட்டான். "சாப்ட்டியா தல?" என்று மட்டும் கேட்பான். எனக்கு அவன்மேல் உயிர். ஒருநாள் அவனிடம், பெண்கள் மட்டுமில்லை, என் ரூம்மேட்டும் துரோகிதான், துண்டை நனைக்கிறான் என்று புலம்பினேன். மறுநாள் துண்டு காய்ந்திருந்தது. என் தாடையைப் பார்த்து நீ பயந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த மதியம். வாரம் ஒருநாள் போகும் தாம்பரம் ஆபீஸில், எதிர் சீட்டுக்காரியை முந்தின நாள் டீ குடிக்கக் கூப்பிட்டிருந்தேன். "சாரி, வேலை இருக்கு" என்றாள். அவ்வளவுதான். அவள் படத்தையும் நம்பரையும் குரூப்பில் போட எடுத்துவைத்து, எல்லாரும் கூப்பிட்டுக் கதறவிடுங்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு, முதலில் சிங்கத்திடம் சொன்னேன்.

"சாப்ட்டியா தல?"

"இல்ல."

"போடாத. இரு, வரேன்."

கேளம்பாக்கத்திலிருந்து இவன் எப்படி வருவான் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீ கதவைத் தட்டினாய். ஒரு கையில் இரண்டு பரோட்டா பார்சல். மறு கையில் போன், அதில் குரூப்பில் பார்த்த அதே சிங்கப் படம்.

"நேர்ல பேசுனா ஹெட்போன மாட்டிக்கினு குந்திகினு கீற. நான் இன்னா பண்றது?" என்றாய். "அந்தப் பொண்ணு நம்பர அழி மொதல்ல. அப்பால துன்னு."

அழித்தேன். சால்னாவில் கண்ணீர் விழுந்தபோது காரம் என்றேன். நீயும் ஆமாம், காரம்தான் என்றாய். மாட்டிக்கொண்ட மறுநாளே வெட்கமில்லாமல் என் துண்டை மறுபடி நனைத்தாய்.

அவள் இன்றும் எதிர் சீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது. உன்னால்தான் தெரியாமல் போனது.

குரூப்பை விட்டு நான் வெளியேறவில்லை. நானும் ஒரு சிங்கப் படத்தை வைத்துக்கொண்டு "சாப்ட்டியா தல?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் கெட்ட வார்த்தையில்தான் பதில் சொல்கிறார்கள். நேற்று ஊரப்பாக்கத்துக்காரன் ஒருவன் "இல்ல" என்றான். ஞாயிறு மதியம் வீட்டுக்கு வருகிறான். பரோட்டா சொல்லி வைத்துவிட்டேன். கை கழுவினால் துடைக்க என் துண்டையே கொடுக்கப்போகிறேன், மச்சான். ஈரமாகட்டும்.