பெயர் இல்லாத முகவரி

சந்திரன், தென்துருவ நிலையம். பெயர்ப் பதிவகம்.

நாள் 1, 09:00
என் கணவர் இறந்த அன்றே அவர் பெயரை அழித்துவிட்டேன் என்று உள்தொடர்பில் பேசிக்கொள்கிறார்கள். அது துல்லியமல்ல. நாற்பது நிமிடத்தில் அழித்தேன். இறந்தவர் பெயரை அட்டவணையில் விட்டுவைப்பது பொய் சொல்வதற்குச் சமம்.

சூரியப் புயல். ஏழு நாட்கள் அவரவர் அறையிலேயே இருக்க வேண்டும். கதவுகளைப் பூமி பூட்டிவிட்டது. மின்சாரம் போதவில்லை. ஆணை: "அறை முகவரிகளைச் சரிபார்க்கவும். பெயர் இல்லாத முகவரி ஆளில்லாத அறையாகக் கொள்ளப்படும். காற்றும் வெப்பமும் நிறுத்தப்படும்."

இன்று தொழிலாளர் பகுதி. பதினான்கு ஐ.பி. முகவரிகள், அறைக்கு ஓர் எண். கணினியின் கட்டளைத் திரையான ஷெல்லில் ஒரே வரி போதும்:

for i in $(cat list); do host $i; done

கோப்பிலுள்ள ஒவ்வோர் எண்ணாக எடுத்து அதன் பெயரைக் கேட்கும். முடிவுகள் தாமாகவே பூமிக்குப் போகும்படி அமைத்தேன். பதின்மூன்று பெயர்கள் வந்தன.

10.4.0.19: பெயர் இல்லை.

நாள் 1, 11:20
பத்தொன்பதில் இருப்பவள் குழாய்ப் பணியாளர் இசக்கியம்மாள். போன மாதம் வந்தவள். அவளுடைய பெயர்ப் படிவத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். பென்சிலில் எழுதியிருந்தாள்; விதிப்படி பேனா வேண்டும். கான்வென்டில் எங்களுக்கு ஏழு வயதிலேயே பென்சிலைப் பிடுங்கிவிட்டார்கள்.

உள்தொடர்பில் அவள்: "மேடம், நான் உசுரோடதான் இருக்கேன், பேசுதேன்லா. ஒரு பேருதான, நீங்களே போட்டுருங்க. இங்க பேனா உங்ககிட்ட மட்டுந்தான இருக்கு."

இருபதாம் அறைச் செல்லையா: "பேனா கேட்டா அதுக்கொரு படிவம் கேப்பாங்க. விடு தாயி."

இந்த நச்சரிப்பு வேண்டாமென்று, அட்டவணையைப் பூட்டும்படி பூமியிடம் நானே கேட்டேன். பூட்டினார்கள். புயல் முடியும்வரை யாரும் பெயர் சேர்க்க முடியாது.

நாள் 2, 06:00
பத்தொன்பதில் மின்சாரம் நின்றது.

நாள் 2, 08:45
சுவரில் தட்டும் ஓசை கேட்பதாகச் செல்லையா சொன்னான். ஓசைகள் பதிவகத்தின் வேலை அல்ல.

நாள் 2, 09:30
நின்றுவிட்டது என்றான்.

நாள் 3, 09:00
அதிகாரிகள் பகுதி. ஆறு முகவரிகள். அதே வரி. ஐந்து பெயர்கள்.

10.4.0.2: பெயர் இல்லை.

மறுபடி ஓட்டினேன். இல்லை. அது என் அறை.

நாள் 3, 09:10
அறை என் கணவர் பெயரில் இருந்தது. ரேஷன் அட்டை, வீட்டுப் பத்திரம், எல்லாமே அவர் பெயரில்தான். அந்தப் பெயரை அழித்தபோது என் பெயரைச் சேர்க்கத் தோன்றவே இல்லை. முடிவுகள் பூமிக்குப் போய்விட்டன.

நாள் 3, 09:40
பூமி: "அட்டவணை உங்கள் வேண்டுகோளின்படி பூட்டப்பட்டுள்ளது. வாய்மொழிக் கோரிக்கை ஏற்கப்படாது. 10.4.0.2 நாளை 06:00."

நான்தான் பேசுகிறேன் என்றேன். அதே பதில். என் பெயர்ப் படிவத்தை எழுத உட்கார்ந்தேன்.

நாள் 3, 10:15
செல்லையா: "படிவத்த பேனாலதான எழுதுனீங்க, மேடம்?"

ஆம். மூன்று பிரதிகள்.

நாள் 4, 08:50
பேனாவில் மை உறைந்துவிட்டது. கணவர் மேசையில் ஒரு பென்சில் கிடந்தது. அதைக் கொண்டு எழுதுகிறேன். கோணலாக வருகிறது. சுவரில் தட்டிப் பார்த்தேன்.

பெயர்: பிலோமினா தம்புராஜ். முகவரி: 10.4.0.2. அறையில் ஆள் இருக்கிறது. எழுத்து மூலம் பதில் தரவும்.