சுமைரா வேணும்னு செய்யல

சாத்தூர்
14.8.2006

அன்பு மகன் சாபிருக்கு அம்மா எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவல்ல இங்கன மூணு பேரும் இருக்கோம், ஷார்ஜா வெயில்ல நீ எப்படி இருக்கியோன்னுதான் நெனப்பு. அத்தாவுக்கு முட்டிவலி, ஆனாலும் தீவாளி சீசன்னு சிவகாசிக்கும் கடைக்கும் அலையிறாக. உன் தங்கச்சி சுமைரா விசயம் ஒண்ணு, போன்ல சொன்னா அவ காதுல விழும், அதான் எழுதுறேன்.

போன மாசம் பள்ளிக்கூடத்துல கூப்பிட்டு விட்டாக. போர்டுல இருக்கிறதைப் பாதி எழுதி விட்டுர்றா, பரீச்சையில ரெண்டு கேள்வியோட நிறுத்திர்றா, கேட்டா நோட்டைத் தூக்கி எறியிறா, டி.சி. வாங்கிக்கிருங்கன்னு பெரிய டீச்சர் சொல்லிட்டாக. வீட்லயும் அப்படித்தான். பால் வாங்கப் போனவ எதுக்கு வந்தோம்னு தெரியாம தெருவுல நிப்பா. திமிருன்னு நெனச்சு நானே கரண்டிக் காம்பால அடிச்சிருக்கேன். வகுப்பு டீச்சர் சொர்ணலட்சுமிதான், அஞ்சு வயசுல ரத்தப் புத்துநோய் வந்து பொழச்ச பிள்ளையாச்சே, டாக்டர்ட்ட ஒருக்கா காமிங்கன்னு சொல்லி, மதுரை ஆஸ்பத்திரியிலருந்து முன்கூட்டியே வந்த கேள்வித்தாளையும் நிரப்பி கவர்ல ஒட்டிக் குடுத்தாக.

வெள்ளிக்கிழமை மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆடிக் கடைசி வெள்ளி, பஸ்ஸெல்லாம் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் கூட்டம், ரயில்லதான் போனோம். ஒரு தாள் நிறைய எழுத்து, அதுல ‘க’ வர்ற இடமெல்லாம் கோடு போடச் சொன்னாக. நாலு வரி அம்புட்டு சரியாப் போட்டா, அப்புறம் பென்சிலைப் பிடிச்சபடி சன்னலைப் பாத்துட்டே இருந்தா. எனக்கும் ஒரு கேள்வித்தாள் குடுத்தாக. சொன்னதை மறக்குறாளா, கோவத்துல எறியிறாளான்னு இருந்துச்சு. எல்லாத்துக்கும் ‘ஒருபோதும் இல்லை’ன்னு போட்டேன்டா. உண்மையை எழுதுனா நோய் மூளைக்கு ஏறிருச்சும்பாக, நாளைக்கு இவளை எவன் கட்டுவான்னு பயம்.

டாக்டரம்மா என் தாளையும் டீச்சர் தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சாக. அதட்டல. “வீட்ல நெசமா எப்படிம்மா இருக்கா?”ன்னு மட்டும் கேட்டாக. நான் அழுதுட்டேன், அடிச்சதையும் சொன்னேன். நோய் திரும்பலைன்னு முதல்ல சொன்னாக. அன்னைக்கு அந்த நோய்க்காகத் தலைக்கு வச்ச கரண்டும், அதான் கதிர் வைத்தியம்பாகளே, முதுகுல போட்ட ஊசியும் உயிரைக் காப்பாத்துச்சு, ஆனா கவனத்தைக் கொஞ்சம் தின்னுருச்சு, அடிச்சா அது திரும்ப வந்துராது, முழுசா சரியாகும்னும் சொல்ல முடியாதுன்னாக. அந்தக் கரண்டுக்குக் கையெழுத்துப் போட்டது நான்தானே சாபிர். போடாட்டி பிள்ளை இல்ல, தெரியும், இருந்தாலும் அந்தக் கையைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். புதுசா ஒரு தாள் வாங்கி, இந்தத் தடவை உள்ளதை எழுதுனேன்.

திரும்பி வர்றப்ப ரயில்ல அவ கேட்டா, “நான் வேணும்னு செய்யலன்னு அந்த டாக்டருக்குத் தெரிஞ்சிருச்சாம்மா?” தெரிஞ்சிருச்சுன்னேன். “உங்களுக்கு?”ன்னா. தெரியும்னு தலையை ஆட்டுனேன்.

முன் பெஞ்சுல உக்கார வைக்கணும், பரீச்சைக்கு நேரம் கூடக் குடுக்கணும், வேலையைத் துண்டு துண்டாச் சொல்லணும்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்த காயிதத்தை இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்தேன். அரைப்பரீச்சை வரைக்கும் பாப்போம்னு பெரிய டீச்சர் சொல்லியிருக்காக. நேத்து அத்தா கடைக்குப் போகாம சாயங்காலம் வரை அவ பக்கத்துல உக்காந்திருந்தாக.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விட்டுறாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல சுகமும் தரட்டும். ஒண்ணு மட்டும் மறந்துறாதே. என்னை மாதிரி படிக்கத் துப்பில்லையான்னு நீ வஞ்சதுலருந்து போன் அடிச்சா அவ கொல்லைக்குப் போயிர்றா. அடுத்து பேசுறப்ப மார்க்கைக் கேக்காதே, அவளைக் கூப்பிடச் சொல்லு, வர்ற வரைக்கும் போனை வைக்காதே.

உன் அம்மா
ஷரீஃபுன்னிசா